ரயில் கற்றாழையில் சாராயமா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ரயில் பாதை ஓரம் முள்ளும் முறைப்புமாக நிற்கிறதே கற்றாழை, அதன் உறவுக்காரச் செடியில்தான் மெக்சிகோக்காரர்கள் மெஸ்கால் என்று ஒரு மது காய்ச்சுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தரசி, கடலூர் முதுநகர்: தினமும் கற்றாழையைக் கழுவி மோரில் அடித்துக் குடிக்கிறேன். அதிலா சாராயம் காய்ச்சுகிறார்கள்? படித்ததிலிருந்து டம்ளரைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

தைரியமாகக் குடியுங்கள் அம்மா. உங்களுடையது சோற்றுக் கற்றாழை, அது அரேபியப் பக்கத்துச் செடி. நான் சொன்னது அகாவே, அமெரிக்கக் கண்டத்துக்காரன். நம் ஊரில் ஆனைக் கற்றாழை, ரயில் கற்றாழை என்று சொல்கிறோம். வேலிக்கும் நாருக்கும் ஆகும் என்று வெள்ளைக்காரர்கள் காலத்தில் பரவியது. பார்க்க ஒரே சாயல், ஆனால் சொந்தம் கிடையாது. அகாவேயின் குடும்பம் நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். அதைவிட ஆச்சரியம், நீங்கள் சாமிக்கு மாலை கட்டுகிற சம்பங்கி இருக்கிறதே, அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான், இப்போது தாவரவியல்காரர்கள் அதையும் அகாவே இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஒரு முக்கியமான விஷயம், அடையாளம் தெரியாமல் ரயில் கற்றாழையை மோரில் அடித்துவிடாதீர்கள். அதன் பச்சைச் சாற்றில் ஊசி ஊசியாகச் சுண்ணாம்பு உப்புப் படிகங்கள் இருக்கும், தோலில் பட்டாலே அரித்துக் கொப்புளம் கிளம்பும், தொண்டைக்குள் போனால் கேட்கவே வேண்டாம்.

மீன் வியாபாரி, அரியாங்குப்பம்: எப்படித்தான் செய்கிறார்கள்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் சார், இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள்.

இரண்டு வரியில் முடிகிற சமாச்சாரம் இல்லை. முதல் வேலையே காத்திருப்பது. அதிகமாகப் பயிராகிற எஸ்பதீன் என்ற வகை முற்றுவதற்கு ஏழெட்டு வருஷம். தோபலா என்று சின்னதாக ஒரு வகை, பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். பாறைச் சரிவில் வளர்கிற தெபெஸ்தாதேவுக்கு 25 வருஷம்கூட ஆகலாம், அதாவது அப்பன் கண்ணில் பட்ட கன்றை மகன் வெட்டுவான். அகாவே தன் ஆயுளில் ஒரே தடவைதான் பூக்கும். நடுவிலிருந்து கம்பம் மாதிரி ஒரு தண்டு வீட்டு உயரத்துக்குக் கிளம்பும், பூக்கும், அதோடு செடி செத்துப்போகும், குலை தள்ளிய வாழை மாதிரி. அத்தனை வருஷம் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்தெல்லாம் அந்தத் தண்டுக்காகத்தான். அதனால் தண்டு தலைகாட்டுகிற சமயம் பார்த்து அதை வெட்டிவிடுகிறார்கள், சத்து அடிக்கட்டையிலேயே தங்கிவிடும்.

அப்புறம் மட்டைகளை எல்லாம் சீவித் தள்ளினால் நடுவில் பெரிய அன்னாசி மாதிரி ஒரு கட்டை மிஞ்சும். அவர்கள் அதைக் கூப்பிடுவதே பின்யா, அன்னாசி என்றுதான். ஐம்பது கிலோ எடைக்குச் சாதாரணமாக வரும். தரையில் கூம்பு வடிவத்தில் பெரிய குழி. அதில் விறகை அடுக்கிக் கொளுத்தி, மேலே பாறாங்கற்களைப் போட்டு, கல் பழுக்கிறவரை விடுகிறார்கள். கட்டைகள் நேராகச் சூட்டில் பட்டுக் கருகாமல் இருக்க ஈரச் சக்கையைக் கல் மேல் பரப்பி, பிளந்த கட்டைகளை மலை மாதிரி குவித்து, பாயோ மட்டையோ போட்டு மூடி, மண்ணை அள்ளி மெத்திவிட்டால் மூன்று நாள், நான்கு நாள், ஐந்து நாள்கூடக் குழியைத் திறப்பதில்லை. வெளியே எடுத்தால் வெளிறிய கட்டை வெல்லப் பாகு நிறத்தில் இருக்கும். அதை அப்படியே மென்று சாறை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புவார்கள், நாம் கரும்பு தின்கிற மாதிரி. மெஸ்கால் என்கிற பெயரே மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாத்லில் சுட்ட அகாவே என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஆறின கட்டையை நசுக்கவேண்டும். வட்டமான கல் தளம், அதன் நடுவே ஒரு கம்பம், கம்பத்தைச் சுற்றி உருளும் பெரிய கல் சக்கரம், இழுப்பது குதிரையோ கோவேறு கழுதையோ. தஹோனா என்று பேர், நம் ஊர்ச் செக்கைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. சக்கரம் வைக்க வசதி இல்லாத இடங்களில் மரத்தைக் குடைந்து தொட்டியாக்கி, உலக்கை மாதிரி ஒரு மரச் சம்மட்டியால் ஆள் நின்று இடிக்கிறான். ஒரு குழி கட்டையை இப்படி இடித்து முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும்.

நசுக்கினதை நாரோடு சேர்த்தே மரத்தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் ஊறல் ரெடி. சில ஊர்களில் மாட்டுத்தோலைத் தொட்டில் மாதிரி கட்டி அதில் ஊறப்போடுகிறவர்களும் உண்டு. பாரம்பரிய முறையில் ஈஸ்ட் எதையும் பாக்கெட்டில் வாங்கிப் போடுவதில்லை. காற்றிலும் தொட்டி மரத்திலும் இருக்கிறதே வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெயில் காலத்தில் சில நாள், குளிர் என்றால் இரண்டு வாரம்கூட ஆகும். தொட்டியில் காது வைத்துக் கேட்டு, நுரையைப் பார்த்து, ஒரு வாய் ருசித்து, சரி போதும் என்று ஒருவர் சொல்லவேண்டும். அவர்தான் மெஸ்கால் ஆசான், மற்றவர்கள் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு காய்ச்சி வடிப்பது, பெரும்பாலும் இரண்டு தடவை. செம்புக் கொப்பரை உண்டு, மண்பானையும் உண்டு. முதலில் வடிவது தனி, நடுவில் வருவது தனி, கடைசியில் வருகிற வீரியம் குறைந்தது தனி. எதை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் ஆசானின் கை தெரியும். வீரியம் பார்க்க ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள். நாணல் குழாயில் கொஞ்சம் உறிஞ்சி, சுரைக்குடுக்கை மாதிரி ஒரு கிண்ணத்தில் உயரத்திலிருந்து பீய்ச்சினால் மேலே முத்து முத்தாகக் குமிழி நிற்கும். சரக்கு 50 சதவீத வாக்கில் இருந்தால் குமிழி அதிக நேரம் உடையாமல் நிற்கும், கூடினாலும் குறைந்தாலும் சீக்கிரம் உடையும். இது வெறும் கண்கட்டு இல்லை, 2020இல் அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் இதற்கான காரணத்தையே ஆராய்ந்து எழுதினார்கள்.

இத்தனையும் செய்து ஒரு லிட்டர் கிடைக்கப் பத்துக் கிலோவுக்கும் மேல் கட்டை வேண்டும், காட்டு வகை என்றால் இன்னும் கூடும். அங்கே குறைவாகக் காய்ச்சுவது யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை, அந்தக் குழி அவ்வளவுதான் பிடிக்கும், அந்தக் கழுதை அவ்வளவுதான் சுற்றும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், நெல்லிக்குப்பம்: எங்கள் ஊர் சர்க்கரை ஆலையைப் பார்த்தே வளர்ந்தவன். கரும்பைப் பிழிந்தால் நேரே சாறு. அகாவேயை மட்டும் எதற்கு நாள் கணக்கில் சுடவேண்டும்?

உங்கள் கேள்விக்காகவே ஒரு தனி வணக்கம் சார். கரும்பில் இருப்பது சுக்ரோஸ், ஈஸ்ட் அதைச் சுலபமாக உடைத்துக்கொள்ளும். அகாவே தன் சேமிப்பை ஃப்ரக்டான் என்கிற நீளச் சங்கிலியாகக் கட்டி வைத்திருக்கிறது, ஃப்ரக்டோஸ் மணிகளைக் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டுக்கு அந்த மாலை அவ்வளவாகப் பல்லில் அகப்படாது. வெப்பமும், கட்டைக்குள்ளேயே இருக்கிற லேசான அமிலமும் சேர்ந்து பல மணி நேரத்தில் அந்த மாலையை அறுத்து மணி மணியாக உதிர்க்கின்றன. அதிலிருந்து ஊறல் பிடிக்கும். பெரிய தொழிற்சாலைகள் இதே வேலையை நீராவி அழுத்தக் கலனில் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன. சர்க்கரை கிடைக்கும், ஆனால் மண்ணும் புகையும் கொடுக்கிற வாசனை எங்கிருந்து வரும்?

ஐடி ஊழியர், லாஸ்பேட்டை: ஒயிட் டவுன் பக்கம் ஒரு பாரில் மெஸ்கால் ஒரு ஷாட் வாங்கினேன். விலை சொன்னால் நம்பமாட்டீர்கள். வாயில் வைத்தால் ஒரே புகை நாற்றம். எலுமிச்சை, உப்பு வைத்து ஒரே மடக்காக அடிக்கச் சொன்னார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

புகைக்கு ஏமாற்றவில்லை, குழியில் விறகுப் புகையோடு வெந்தது அப்படித்தான் இருக்கும். ஆனால் நல்ல மெஸ்காலில் புகை பின்னால் நிற்கவேண்டும், முன்னால் வந்து குதிக்கக் கூடாது. விலைக்கும் காரணம் சொல்லியாயிற்று: ஏழு வருஷச் செடி, கூடவே கப்பல் கூலி, சுங்க வரி. ஒரே மடக்காக அடிக்கச் சொன்னதுதான் அநியாயம். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்து ஊர்களில் அதை முத்தமிடுகிற மாதிரி உதட்டில் தொட்டுத் தொட்டுக் குடிப்பார்கள், பக்கத்தில் ஆரஞ்சுத் துண்டு, மிளகாயும் வறுத்த அகாவேப் புழுவும் சேர்த்துப் பொடித்த உப்பும் வைப்பது வழக்கம். 45, 48 சதவீதச் சரக்கைப் பதநீர் மாதிரி மடக்கென்று விழுங்கிவிட்டு, நாற்றம் என்று எனக்குக் கடிதம் போட்டால் நான் என்ன செய்ய?

கல்லூரி மாணவர், வில்லியனூர்: பாட்டிலுக்குள் புழு கிடக்குமாமே? கோழிக்கறி போட்டும் காய்ச்சுவார்களாமே?

புழு உண்மை. அது அகாவேயில் வாழ்கிற ஒரு அந்துப்பூச்சியின் புழு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் விற்பனைக்காகக் கிளம்பிய யோசனை, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆசான்கள் பலர் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். கோழிக்கறி சங்கதி வேறு, அதற்கு மரியாதை உண்டு. பெச்சூகா என்று பெயர். இரண்டு முறை வடித்ததை மறுபடி காய்ச்சும்போது உள்ளே பழங்களும் பட்டை போன்ற வாசனைச் சாமானும் போட்டு, ஆவி போகிற வழியில் கோழி அல்லது வான்கோழி நெஞ்சுக்கறியைத் தொங்கவிடுவார்கள். கல்யாணம், ஊர்த் திருவிழா என்றால்தான் அது. நீங்கள் மாணவர் என்று எழுதியிருக்கிறீர்கள், தகவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் தம்பி.

ஹோட்டல் மேலாளர், புதுச்சேரி: டெகிலாவும் மெஸ்காலும் ஒன்றா, வேறா? வாடிக்கையாளர் கேட்டால் சமாளிக்க முடியவில்லை.

ஒரு காலத்தில் டெகிலா ஊரில் காய்ச்சியதற்கே டெகிலா மெஸ்கால் என்றுதான் பேர். பலா எல்லா ஊரிலும் காய்க்கும், பண்ருட்டிப் பலா என்றால் தனிப் பேர் இல்லையா, அந்த மாதிரி. பேர் பெரிதானதும் தனிக்குடித்தனம் போய்விட்டது. இன்றைக்குச் சட்டப்படி டெகிலாவுக்கு அகாவே வகைகளில் நீல அகாவே ஒன்றை மட்டும்தான் பயன்படுத்தவேண்டும், முக்கியமாக ஹலிஸ்கோ மாநிலத்தில். சர்க்கரையில் 51 சதவீதம் அகாவேயிலிருந்து வந்தால் போதும், மீதி கரும்பாகக்கூட இருக்கலாம், லேபிளில் நூறு சதவீத அகாவே என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். மெஸ்கால் பல வகை அகாவேயில் வரும், முழுக்க அகாவேதான்.

மெஸ்கால் என்கிற பெயருக்கு 1994இல் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. முதலில் ஐந்து மாநிலம், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பின்னால் வந்த விதி மூன்று தரமாகப் பிரித்தது: வெறும் மெஸ்கால், கைவினை மெஸ்கால், மூதாதையர் மெஸ்கால். வெறும் மெஸ்காலில் நவீன இயந்திரம் எல்லாம் அனுமதி. கைவினையில் குழி அடுப்போ கல் அடுப்போ, செம்புக் கொப்பரையோ மண்பானையோ. மூதாதையர் வகை என்றால் குழியில்தான் சுடவேண்டும், மண்பானையில்தான் விறகடுப்பில் வடிக்கவேண்டும். உங்கள் வாடிக்கையாளருக்கு இது போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. இந்தப் பாதுகாப்பு யாரைப் பாதுகாக்கிறது என்று பார்க்கவேண்டும். முத்திரை வாங்கப் பரிசோதனை, கட்டணம், காகிதம், பட்டணத்துக்கு நடை. மலை ஊரில் வருஷத்துக்குச் சில குழி போடுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. அந்த மாநிலங்களின் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கதை இன்னும் மோசம், தாத்தா காலத்திலிருந்து காய்ச்சினாலும் பாட்டிலில் மெஸ்கால் என்று போடமுடியாது, அகாவே வடிநீர் என்று எழுதி விற்கவேண்டியதுதான். இன்னொரு பக்கம் முத்திரை பெற்ற மெஸ்கால் 2011இல் ஏறக்குறைய 10 லட்சம் லிட்டர், 2022இல் ஒரு கோடியே 40 லட்சம் லிட்டர். பதினோரு வருஷத்தில் இத்தனை மடங்கு கூடுகிறது, செடிக்கோ முற்ற ஏழெட்டு வருஷம். காட்டு அகாவே குறைகிறது, விறகுக்கு மரம் போகிறது, பூக்கவிடாமல் வெட்டுவதால் அந்தப் பூவின் தேனை நம்பியிருக்கிற வௌவாலுக்கும் பட்டினி. சில ஆசான்கள் நிலத்தில் கொஞ்சம் செடிகளைப் பூக்கவிட்டு வைப்பது இதற்காகத்தான்.

விவசாயி, பாகூர்: மண்பானையில் வடிப்பது என்றீர்கள். எங்கள் தாத்தா காலத்தில் பானை மேல் பானை அடுக்கி, மேல் பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே மாதிரியா?

ஏறக்குறைய அதே. சாந்தா கத்தரீனா மினாஸ் என்ற ஊரில் இன்றும் கீழே ஒரு மண்பானையில் ஊறல், அதன் மேல் அடியில்லாத இன்னொரு பானை, உச்சியில் குளிர்ந்த தண்ணீர் நிற்கும் கிண்ணம். ஆவி மேலே போய்க் கிண்ணத்தின் அடியில் முட்டிச் சொட்டாகும். உள்ளே ஒரு கரண்டி மாதிரி மட்டை அதை ஏந்தி, குழாய் வழியே வெளியே விடும். தண்ணீர் சூடேறினால் மாற்றவேண்டும், அதற்கென்றே ஓர் ஆள் நிற்பார்.

இந்த முறை அங்கே எப்படிப் போனது என்பதில்தான் நமக்குச் சுவாரசியம். 1565லிருந்து 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் பசிபிக் கரைக்கும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அதில் போன பிலிப்பைன்ஸ் ஆட்கள் கொலீமா கரையில் தென்னையை வளர்த்து, பாளை சீவிக் கள் இறக்கி, அதை இந்த மாதிரி அடுக்குப் பானையில் காய்ச்சித் தென்னஞ்சாராயம் செய்தார்கள். மேற்கு மெக்சிகோவில் அகாவே காய்ச்சத் தொடங்கியதற்கு அந்தப் பானைதான் வழிகாட்டி என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கே வடிக்கத் தெரியும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு, சண்டை ஓயவில்லை. கொலீமாத் தெருவில் இன்றும் தென்னங்கள்ளை துபா என்ற பிலிப்பைன்ஸ் பெயரிலேயே விற்கிறார்கள். அகாவேக்கும் ஒரு கள் உண்டு, புல்கே. செடியின் நடுக்குருத்தைக் குடைந்து, தினமும் சுரண்டிவிட்டு, ஊறுகிற இனிப்பு நீரை எடுத்துப் புளிக்கவைப்பது. பாளை சீவுகிறவர் பார்த்தால் அட, நம்ம வேலை என்பார்.

நம் பக்கம் என்ன ஆயிற்று? புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கள்ளுக்கு 1987லிருந்து தடை. இந்தப் பக்கம் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் இன்றும் உண்டு, ஆனால் கடையில் கிடைக்கும் சாராயம் ஆலைச் சரக்கு, உங்கள் தாத்தாவின் பானைக்கும் அதற்கும் பேர் மட்டும்தான் ஒற்றுமை. பானைக் கைப்பக்குவம் என்று நம்மிடம் ஒன்று இருந்திருந்தால் அது காவல்துறை ஊறல் அழிக்கிற செய்தியில்தான் மிஞ்சியிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்கிறேனா என்று கேட்டால், எனக்கே தெளிவில்லை. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

பெயர் வேண்டாம், பண்ருட்டி: எங்கள் கொல்லையில் ரயில் கற்றாழை மண்டிக் கிடக்கிறது. சின்ன அளவில் முயற்சி செய்து பார்க்கலாமா?

கூடாது. பெயர் போடாமல் எழுதினதிலிருந்தே உங்களுக்கும் பதில் தெரியும் என்று தெரிகிறது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், புதுச்சேரியில் உரிமம் இல்லாமல் காய்ச்சினாலும் குற்றம். வயதில் முற்றாத கட்டையில் சர்க்கரையும் இருக்காது, கையெல்லாம் அரிப்பு மட்டும் மிஞ்சும்.

மெத்தனால் பயமும் பலர் எழுதியிருந்தீர்கள். அகாவே போன்ற நார்ச்செடிகளின் ஊறலில் மெத்தனால் கொஞ்சம் உண்டாகத்தான் செய்யும், அதனால்தான் அங்கே ஆய்வகத்தில் அளந்து உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் கள்ளச்சாராயம் குடித்து 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் பலரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேலும் செத்தது பானைக் கோளாறால் இல்லை. தொழிற்சாலைக்கு வாங்குகிற மெத்தனாலையே கலந்து விற்றதால். அந்த விஷத்துக்குக் கண்ணும் நாக்கும் காவல் நிற்காது, குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆசை செடி மேல்தான் என்றால், தக்காணத்தில் வளர்கிற அகாவேயில் முறையாக உரிமம் வாங்கி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் வடித்து, 2011 வாக்கிலிருந்து டெஸ்மண்ட்ஜி என்ற பெயரில் விற்கிறார்கள். மெஸ்கால் என்று போடமுடியாது, அகாவே மது என்றுதான் போடுகிறார்கள். பண்ருட்டிக்காரர் என்பதால் இன்னொன்று: உங்கள் முந்திரிக் காட்டில் கொட்டையைத் திருகிக்கொண்டு உதிரவிடுகிற பழத்தில்தான் கோவாவில் ஃபென்னி காய்ச்சி, 2009இல் புவிசார் குறியீடும் வாங்கினார்கள். அரசாங்கத்திடம் கேட்பதாக இருந்தால் அதைக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், முத்தியால்பேட்டை: அகாவேயில் வருவதால் சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

வாட்ஸ்அப்பில் வந்தால் சரியாகத்தான் இருக்கும்! சுடாத அகாவேயின் ஃப்ரக்டானைப் பற்றிய பேச்சு இது. காய்ச்சி வடித்த சரக்கில் அதுவும் இருக்காது, சர்க்கரையும் இருக்காது, மிஞ்சுவது ஆல்கஹால். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் போடலாம். டாக்டரைக் கேளுங்கள், என்னையோ குரூப்பையோ கேட்காதீர்கள்.

வாசகி, கடலூர் திருப்பாதிரிப்புலியூர்: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் குடித்துப் பார்த்ததுண்டா?

வருமென்று தெரியும். பாரிஸில் இருக்கிற சித்தப்பா மகன் இரண்டு வருஷம் முன்னால் பொங்கலுக்கு வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தான். லேபிளில் செடியின் வகை, ஊர், காய்ச்சியவர் பெயர், எத்தனை பாட்டிலில் இது எத்தனையாவது என்று எல்லாம் கையால் எழுதியிருந்தது. அரிசி மூட்டைக்குக்கூட நமக்கு இவ்வளவு விவரம் கிடைப்பதில்லை. டாக்டர் அனுமதித்த அளவு, அதாவது ஒரு மூடி. முதலில் அடுப்பங்கரைப் புகை, அப்புறம் மழை பெய்த மண், கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஏதோ ஒரு இனிப்பு, என்னவென்று பிடிபடவில்லை. என் மனைவி பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, இது சுட்ட பனங்கிழங்கு வாசனைதானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று மூடிவைத்துவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. பாட்டில் இன்னும் பீரோவில் முக்கால்வாசி இருக்கிறது, சாவி அவளிடம்.